‘காயுது’ என்று நீ சொன்ன சிங்க்

மத்தியானம் தயிர்ச்சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் வினிகர் வாசனை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாயிற்று, எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தும் ஆயிற்று. வலது கட்டைவிரல் நகக்கண்ணில் வெள்ளையாக ஒரு பொட்டுச் சிலிக்கான் பசை ஒட்டிக்கொண்டு, போகமாட்டேன் என்கிறது. “ஊறுகா ஜாடிக்குள்ள கைய விட்டீங்களா?” என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். உன் வீட்டுச் சமையலறைச் சிங்க்கை முந்தாநாள் ஒட்டி முடித்த கை இது. ஒட்டியது நான், பெயர் வாங்கிக்கொண்டது நீ. ஆபீசில் இருந்தவரைக்கும் இப்படித்தான் நடந்தது, இப்போதும் அதுவேதான் நடக்கிறது.

உனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. தினமும் முகத்துக்கு நேரே திட்டிக்கொண்டிருந்த ஆளுக்குக் கடிதம் எதற்கு? ஆனால் இந்தச் சில நாட்களாக உன்மேல் வந்திருக்கும் எரிச்சலை ஊரில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஏன் சொல்ல முடியவில்லை என்பதற்கும் நீயேதான் காரணம். அதனால் முழுவதையும் நீயே கேட்டுக்கொள்.

உன் மனைவியை உங்கள் கல்யாணமான நாளிலிருந்து நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். தங்கச்சி உன்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. போலகத்தில் வீடு கட்டிக் குடிவந்த காலத்திலிருந்து கொல்லைக் குழாயடியில் குந்தித்தான் பாத்திரம் விளக்கினார். இடுப்பு வலி வந்து, குனியவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், நின்றுகொண்டு விளக்குகிற மாதிரி உள்ளேயே ஒரு சிங்க் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டார். விவரமான ஆள் என்ன செய்வான்? பிளம்பரைக் கூப்பிடுவான். நீ என்ன செய்தாய்? கல் வெட்டுகிற மெஷினை யாரிடமோ இரவல் கேட்டுக்கொண்டு கிளம்பினாய்.

டீக்கடையில் அன்றைக்கு நான் எவ்வளவோ சொன்னேன். “கிரானைட்டுப்பா. ஒருதரம் வெட்டிட்டா திருப்பி ஒட்ட முடியாது. ஆள கூப்பிடு.”

“ஒரு ஓட்டயப் போட்டு ஒரு தொட்டிய எறக்கி வெக்கணும். இதுக்கு ஆளு எதுக்கு? நான் போடாத கோடாப்பா?” என்றாய்.

போடாத கோடு இல்லைதான். ஆபீசில் நான் ஸ்டோர் கீப்பர், நீ வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். பாலமோ பள்ளிக்கூடக் கட்டடமோ, இந்த மாவட்டத்தில் எது எழும்பினாலும் முதலில் உன் மேஜையில் பென்சில் கோடாகத்தான் இருந்தது. உன் கோடு ஒரு முடி அளவு விலகி நான் பார்த்ததில்லை. அந்த மமதை உனக்கு எப்போதும் உண்டு. நான் கையெழுத்தில்லாமல் ஒரு ஆணிகூடக் கொடுக்கமாட்டேன் என்பதில் உனக்கு ஒரே கேலி. “உன்ட்ட ஒரு ஆணி வாங்கறதுக்குள்ள ஆயுசு முடிஞ்சிடும்” என்பாய். நான் எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். நீ ஒரு தடவை பார்த்தாலே போதும் என்பவன். இருவரும் எப்படித்தான் ஒன்றாக ரிட்டயர் ஆகும்வரை பேசிக்கொண்டிருந்தோமோ தெரியவில்லை.

சிங்க் வாங்கக் கடைத்தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கடைக்காரர் எதைக் காட்டினாலும் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “நெளிஞ்சிருக்கு” என்று திருப்பிக் கொடுத்தாய். கடைசியில் ஒன்று உனக்குப் பிடித்தது. சிலிக்கான் ட்யூப், அதைப் பிதுக்குகிற துப்பாக்கி, ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப் எல்லாவற்றையும் நீயே கேட்டு வாங்கினாய். கல்லை வெட்டுகிற அன்றைக்கு வருகிறேன் என்று சொன்னேன். “வேணாம். நீ வந்தா கேள்வி கேட்டே கல்ல ஒடச்சிடுவ” என்றாய். வராமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது உன்னுடைய ‘காயுது’. டீக்கடையில் உட்கார்ந்தவுடன் நான் கேட்பேன், “சிங்க் என்னாச்சு?” நீ கிளாசை ஊதிக்கொண்டே, “காயுது” என்பாய். அடுத்த வாரம் கேட்டால் அப்போதும் காயுது. கருவாடே காய்ந்துவிடும், உன் சிலிக்கான் காயவில்லை.

“ஒரு நாள்தானேப்பா ஆவும்?” என்று கேட்டேன்.

“மழ நாளு. கடக்கரைக் காத்து. ஈரம் இருக்குல்ல, லேசுல காயாது.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்டோரில் பெட்டி பெட்டியாக அதை வைத்து வழங்கியவன் நான். அந்தச் சிலிக்கான் இறுகுவதற்கே காற்றில் இருக்கிற ஈரம்தான் வேண்டும், ஈரம் கூடினால் இன்னும் சீக்கிரம் இறுகும் என்று சொன்னேன். “அதெல்லாம் டப்பால எழுதியிருக்கும். போலகத்துக் காத்துக்கு அதெல்லாம் தெரியாது” என்று சொல்லிவிட்டு நீ எழுந்துபோனாய். பேச்சில் உன்னை ஜெயிக்க முடியாது.

ஒருநாள் சாயங்காலம் மட்டும் நீ வழக்கம்போல் இல்லை. டீ ஆறிப்போகிற வரைக்கும் கையில் வைத்துக்கொண்டிருந்தாய். கிளம்பும்போது, “காலைல வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஒண்ணு காட்டணும்” என்றாய்.

“என்னத்த?”

“வாயேன். வந்தாத்தான் தெரியும்.”

காலையில் வந்தேன். தெருமுனையிலேயே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகிற மனிதன் உண்டா? அத்தனை அழுகைக்கு நடுவிலும் எனக்குள் ஒரு மூலையில் அந்த எரிச்சல் இருந்தது. காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மாதா கோயிலில் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. கொல்லையில் பாத்திரம் மலையாகக் குவிந்துவிட்டது. உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒரு அடுக்குத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே சிங்க் பக்கம் போனாள். தங்கச்சி குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

“அதுல வேணாம்மா. இன்னும் காயல.”

“என்னக்கா, போட்டு எவ்ளோ நாளாச்சு?”

“அவங்க சொல்லல. நான் சொல்ற வரைக்கும் தண்ணி ஊத்தாதன்னாங்க. சொல்லல.”

அந்தப் பெண் மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தட்டெல்லாம் மறுபடியும் கொல்லைக்குப் போயிற்று. துக்கத்தில் இப்படித்தான் பேசுவார்கள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சரியாகவில்லை. பொங்கல் கழிந்து உன் மகள் ஜெனி பாண்டியிலிருந்து எனக்குப் போன் செய்தாள். குரலைக் கேட்டதுமே அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

“மாமா, அம்மா இன்னமும் குழாயடியிலதான் குந்தி வெளக்குறாங்க. முந்தாநாள் எழுந்திரிக்க முடியாம அங்கயே உக்காந்திருந்திருக்காங்க. பக்கத்து வீட்டு அக்கா பாத்துத் தூக்கியிருக்காங்க. பிளம்பர அனுப்பினா கேட்டத் தொறக்க மாட்டேங்கறாங்க. நான் என்னதான் செய்யறது?”

“நான் போய்ப் பேசறேம்மா.”

“பேசிப் பாருங்க மாமா. இல்லன்னா இந்த மாசக் கடைசியில நான் வந்து பாண்டிக்குக் கூட்டிட்டு வந்துடறேன். வீட்டப் பூட்டிடலாம். வேற வழி தெரியல.”

இதைத் தங்கச்சியிடம் சொன்னபோது அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாண்டியில அது வீட்டுல நாலு நாள் இருக்கலாண்ணே. அங்கயே இருன்னா எப்புடி? கோயிலு இங்க இருக்கு. அவங்க இங்க இருக்காங்க.” அவர் சொன்னது கல்லறையை. வீடா பாண்டியா என்று ஒரு மனுஷியை நிறுத்தி வைத்திருந்தது அந்தச் சிங்க். அதை வைத்தவன் நீ.

“பிளம்பர் வேணாம். நான் பாக்கலாமா?” என்று கேட்டேன்.

தங்கச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்கன்னா பாருங்கண்ணே” என்றார். உடனே முந்தானையை உதறிக்கொண்டு, “நான் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று கிளம்பிவிட்டார். அது பூசை நேரம் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் உன் வேலை அவ்வளவு லட்சணம். சமையல் மேடைக் கல்லின் மட்டத்துக்குச் சிங்க்கின் விளிம்பு சரியாகப் படிந்திருந்தது. சுற்றிலும் காகித டேப், மேடையையும் விளிம்பையும் சேர்த்து மூடி, ஒரு சுருக்கம் இல்லாமல். அதற்கடியில் சிலிக்கான் காய்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் ஒரு மூலையில் நகத்தால் நெம்பினேன். மாதக் கணக்கில் கிடந்த டேப் கல்லோடு பசையாகி இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் சிலிக்கான் ஒரு சொட்டு இல்லை. கல்லுக்கும் சிங்க்குக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு சந்து, அவ்வளவுதான். அந்தச் சந்து வழியே கீழே இருட்டு தெரிந்தது.

மேடைக்கடியில் ஆணியடித்து நீ தொங்கவிட்டிருந்த சாக்கைத் தூக்கினேன். உள்ளே தங்கச்சியின் முக்காலி. அதன்மேல் இரண்டு செங்கல், நடுவில் தண்ணீர் போகிற துளைக்கு இடம் விட்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மட்டம் சரிபார்த்துச் செங்கல்லுக்கும் தொட்டிக்கும் இடையில் காலண்டர் அட்டையை மடித்துச் செருகியிருந்தாய். கழிவுக் குழாய் எதிலும் சேராமல் சும்மா தொங்கியது. சிங்க் கல்லில் உட்காரவே இல்லை. செங்கல்லில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றியிருந்தால் நேராக முக்காலியில் கொட்டியிருக்கும்.

அட படுபாவி என்று சத்தமாகவே சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை.

எப்படி இது ஆயிற்று என்று எனக்குப் பிடிபட வெகுநேரம் ஆகவில்லை. சிங்க் வந்த அட்டைப்பெட்டியில் தங்கச்சி வெங்காயம் போட்டு வைத்திருந்தார். பெட்டியின் பக்கவாட்டிலேயே வெட்டுவதற்கான அளவு அச்சிட்டிருந்தது. வெளியே ஒரு முழுக்கோடு, உள்ளே கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளிக்கோடு. வெளிக்கோடு சிங்க்கின் விளிம்பு. உள்ளே இருக்கும் புள்ளிக்கோட்டில் வெட்டினால்தான் விளிம்பு கல்லின்மேல் உட்காரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புள்ளிக்கோட்டைக் கண்டால் கத்தரிக்கத் தெரியும். உனக்குத் தெரியாது. ஏனென்றால் நீ டிராஃப்ட்ஸ்மேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்திக்கு நீ பாடம் எடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. “புள்ளிக்கோடுன்னா அடியில இருக்கறதும்மா. கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியற ஓரம்னா முழுக்கோடு.” அந்தப் பெண் தலையாட்டினாள், நான் அலமாரிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் உலகத்தில் புள்ளிக்கோட்டில் கை வைப்பது பாவம். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற ஓரத்தில் வெட்டிவிட்டாய். அதுவும் எப்படி வெட்டினாய்? நான்கு மூலையிலும் வளைவு பிசகாமல், சுற்றிலும் அதே அளவு சந்து விட்டு, ஒரு இடத்தில் கல் தெறிக்காமல். தப்பான கோட்டை இத்தனை சுத்தமாக வெட்டுகிற ஆள் இந்த டெல்டாவில் இன்னொருவன் இருக்கமாட்டான். சிங்க்கை வைத்ததும் அது ஓட்டைக்குள் நேராக இறங்கிப்போயிருக்கும். நீ நின்ற நிலையை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

நான் மூடுவதற்கு முன்பே தங்கச்சி கோயிலிலிருந்து திரும்பிவந்தால் பார்த்துவிடுவாரே என்று அவசர அவசரமாகச் சாக்கை இறக்கிவிட்டேன். அவர் வந்ததும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னேன். “எல்லாம் முடிச்சிட்டான் தங்கச்சி. ஒரு கோட்டிங்கு மட்டும் பாக்கி வெச்சிட்டான். அடியில ஒரு சப்போர்ட்டு குடுத்துட்டு நான் போட்டுடறேன்.”

“அப்புடியா” என்றார். “அப்ப போட்டுடுங்க.”

நாகூர்ப் பக்கம் போகிற ரோட்டில் கல் அறுக்கிற பட்டறையில் கழிவாகக் கிடந்த கிரானைட் பட்டைகளைக் கேட்டு வாங்கினேன். அவற்றை மேடைக்கடியிலிருந்து, ஓட்டையின் உள்பக்கம் சுற்றிலும், மேல்மட்டத்திலிருந்து சிங்க் விளிம்பின் கனம் மட்டும் கீழே இறக்கி, உள்ளே விரல் அகலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கல் பசையால் ஒட்ட வேண்டும். பசை இறுகினால் சுற்றிலும் ஒரு படி கிடைக்கும். சிங்க்கின் விளிம்பு அந்தப் படியில் உட்கார்ந்துகொள்ளும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு மேடைக்கடியில் தலையை விட்டு மல்லாந்து படுக்க வேண்டும். என் முழங்காலும் கழுத்தும் எப்படிப்பட்டவை என்று உனக்குத் தெரியும். பசை மூக்கில் சொட்டியது. நீ ஒட்டிவிட்டுப் போன டேப்பின் பசையைப் பிளேடால் சுரண்டிச் சுரண்டியே ஒரு காலைப்பொழுது போயிற்று. டேப்பை ஒட்டினால் வேலை முடிந்த கையோடு உரிக்க வேண்டும், இல்லையென்றால் அது கல்லைப் பிடித்துக்கொள்ளும். இது தெரியாதவனா நீ? உரித்தால் அடியில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும், அதனால் விட்டாய்.

படுத்தபடியே உன்னை வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து தங்கச்சி குரல் கொடுத்தார். “யார்ட்டண்ணே பேசறீங்க?”

“அவன்ட்டதான்.”

“பேசுங்க, பேசுங்க. எங்கிட்டதான் ஒண்ணும் பேச மாட்டேங்கறாங்க.”



பசை இறுகிய பிறகு சிங்க்கை எடுத்து, விளிம்பையும் கல்லையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, படியில் சிலிக்கானைப் பிதுக்கி, சிங்க்கை இறக்கினேன். முக்காலியும் செங்கல்லும் இல்லாமல் அது அங்கேயே நின்றது. உள்ளே அரிசிப் பையைப் பாரமாக வைத்தேன். பிறகு சந்துக்கு இருபுறமும் புது டேப் ஒட்டி, நடுவில் ஒரே இழுப்பில் சிலிக்கானை விட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே தடவையில் வழித்தேன். விரலை எடுத்து எடுத்து வைத்தால் மேடு பள்ளமாகிவிடும். மேல்தோல் பிடிப்பதற்குள் டேப்பை உரித்தேன். மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, சுற்றிலும் ஒரே அகலத்தில். என்னால் அப்படி ஒரு கோடு போட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் என் கை எதுவும் செய்யவில்லை. நீ விட்ட சந்து அவ்வளவு நேராக இருந்தது, சிலிக்கான் அதில் தானாகப் போய் நிரம்பிக்கொண்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

முக்காலியைக் கழுவிக் கொல்லை வாசலில் கவிழ்த்துவைத்து, “இங்க கெடந்துச்சு தங்கச்சி” என்றேன். “அங்கயா கெடந்துச்சு? எங்கல்லாமோ தேடினேன்” என்றார். காலண்டர் அட்டையைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். செங்கல் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி என் கட்டைப்பையின் அடியில் வைத்தேன். கொல்லையில் போட்டால் செங்கல்லைப் பார்த்து ஏன் எதற்கு என்று கேட்பாரே என்ற பயம்.

“எப்ப காயும்ணே?” என்று கேட்டார்.

“நாளைக்கு.”

“நெசமாவா?”

“நெசமா.”

நேற்றுக் காலை மறுபடி போனேன், செங்கல்லை இன்னும் இறக்கிவைக்காத அதே கட்டைப்பையோடு. கழிவுக் குழாயைச் சேர்க்கும் வேலை ஒன்று பாக்கி இருந்தது. அதை முடித்து எழுந்தபோது தங்கச்சி ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்திலேயே குழாய் இருக்கிறது, அதைத் திறக்கவில்லை.

“நீங்க சொல்லுங்கண்ணே” என்றார்.

உன் இடத்தில் நின்று சொல்ல எனக்குக் கூசியது. ஆனால் சொல்லாமல் அவர் ஊற்றமாட்டார் என்று தெரிந்தது. “ஊத்துங்க தங்கச்சி” என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாகக் கேட்டது.

ஊற்றினார். நான் கீழே குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. மேலே பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால், நிமிர்ந்து நின்றபடி காலையில் சோறு வடித்த பானையை விளக்கிக்கொண்டிருந்தார். கல்லில் தெறித்த தண்ணீரைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார், அது விளிம்பில் தடுக்காமல் நேராகத் தொட்டிக்குள் போயிற்று. விளிம்பு கல்லின் மேலே உட்காராமல் மட்டத்தில் இருப்பதால் வந்த வசதி அது. அதுவும் உன் தப்பால் வந்தது.

ஜெனி வீடியோவில் கூப்பிட்டாள். தங்கச்சி போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். “அய்யோ, எவ்ளோ நீட்டா இருக்கு. கல்லோட கல்லா. ஷோரூம்லதான் இப்புடி வெச்சிருப்பாங்க. அப்பாவாம்மா வெட்டுனாங்க?”

“அப்பாதான்” என்றார் தங்கச்சி. “மாமா மேல லேசா பூசி விட்டாங்க.”

லேசாகப் பூசினேனாம். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெனி, “அப்ப நீ அங்கயே இரும்மா, நான் ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்” என்று சொன்னதைக் கேட்ட பிறகு வலி கொஞ்சம் குறைந்தது.

கிளம்பி வாசலில் ஸ்கூட்டரை எடுத்தேன். கட்டைப்பையை முன் கொக்கியில் மாட்டியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. தங்கச்சி கேட்வரை வந்தார்.

“செங்கல்லக் கொல்லையிலயே போட்டிருக்கலாமேண்ணே. எதுக்கு அவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போறீங்க?”

நான் வண்டியை அணைத்தேன். “எப்பலேருந்து தெரியும்?”

“அவங்க வெச்ச மறுநாளே. முக்காலியக் காணும்னு தேடினேன். சாக்கத் தூக்கினா, அங்க நிக்குது.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா என்னண்ணே சொல்லுவாங்க, பாவம். தெனம் அதச் சுத்திச் சுத்தி வருவாங்க. டேப்பத் தடவிப் பாப்பாங்க. காயுது காயுதுன்னுவாங்க. எப்பதான் சொல்றாங்கன்னு பாப்பமேன்னு நானும் இருந்துட்டேன். அதுக்குள்ள போயிட்டாங்க.”

“பிளம்பர விட்டிருக்கலாமே. ஒங்க இடுப்பு என்னாவறது?”

“அவன் வந்து பாத்துட்டுக் கடத்தெருவுல சொல்ல மாட்டானா? வாழ்நாப் பூரா கோடு போட்டவரு, கோடு தெரியாம வெட்டிட்டாருன்னு. ஜெனிக்கும் தெரிய வேணாம். அதுக்கு அப்பான்னா அப்புடி.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

தங்கச்சி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். “நீங்க சிரிப்பீங்களேண்ணே.”

ஒன்று மட்டும் சொன்னேன். “அன்னைக்குக் காலைல என்ன வரச் சொல்லியிருந்தான் தங்கச்சி. ஒண்ணு காட்டணும்னான். இதத்தான் காட்ட இருந்திருக்கான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. “அப்ப சொல்லணும்னு நெனச்சாங்க” என்றார். திரும்பவும் தனக்குள்ளேயே, “நெனச்சிருக்காங்க” என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, செங்கல்ல எடுத்துட்டே போங்க. ஜெனி வந்தா எதாவது கேக்கும்” என்று கேட்டைச் சாத்தினார்.

அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டையும் ஆற்றில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். இந்தச் செங்கல் எங்கேயிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். சொல்ல முடியாது. நீ தப்பான கோட்டில் வெட்டியது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், இரண்டு பேரும் சொல்லப்போவதில்லை.

ஆனால் தங்கச்சி சொன்னது சரி. நான் சிரித்திருப்பேன். அன்றைக்குக் காலையில் நீ அந்தச் சாக்கைத் தூக்கிக் காட்டியிருந்தால், போலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி உன் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன். புள்ளிக்கோடு, புள்ளிக்கோடு என்று ஒரு மாதம் உன்னை விட்டிருக்கமாட்டேன். நீ கோபித்துக்கொண்டு, “போப்பா” என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாய். அடுத்த நாள் நான் பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருப்பேன். நீ எதுவும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்திருப்பாய்.